ஆளில்லாத பாலைவன ஊர்களைச் சுற்றிப் பார்த்து, அங்கு வாழும் உயிரினங்களைப் படமெடுப்பது எப்படி?

2025ஆம் ஆண்டின் தலைசிறந்த கானுயிர்ப் புகைப்படமாக லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தேர்ந்தெடுத்த படத்தில் காடும் இல்லை, புல்வெளியும் இல்லை. நமீபியாவின் பாலைவனத்தில் வைரத்துக்காக எழும்பி, 1956இல் முற்றிலும் கைவிடப்பட்ட கோல்மன்ஸ்காப் என்ற ஊரில், சிதைந்த கட்டடம் ஒன்றின் முன்னால் இரவில் ஒரு பழுப்புக் கழுதைப்புலி நிற்பதுதான் அந்தப் படம். அதை எடுத்த தென்னாப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர் விம் வான் டென் ஹீவருக்கு, அந்த ஊரில் கழுதைப்புலியின் கால்தடத்தை முதன்முதலில் பார்த்ததிலிருந்து, விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கும் தானியங்கிக் கேமராவின் துணையோடு அந்த ஒரு படத்தைப் பெறுவதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

கைவிடப்பட்ட ஊர்களுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இடிந்த சுவரையும் கண்ணாடி உடைந்த சன்னலையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கானுயிர்களைத் தேடிப் போகிறவர்களோ, மனிதக் கை பட்ட எதுவும் படத்தில் வந்துவிடக் கூடாது என்று அந்த ஊர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டையும் ஒரே பொருளாகப் பார்த்தால்தான் அந்த இடத்தின் உண்மை படத்தில் வரும் என்பது என் உறுதியான கருத்து. நிழல், பொந்து, உயர்ந்த இருக்கை, எப்போதாவது கொஞ்சம் நீர் என்று பாலைவனத்தில் அரிதாகக் கிடைக்கும் எல்லாவற்றையும் பழைய ஊர் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. அதனால்தான் மனிதர் போன பின் மற்ற உயிர்கள் அங்கே குடியேறுகின்றன. இந்தக் கோணத்திலிருந்து, ஆளில்லாத சுரங்க ஊர்கள் மிகுந்த அமெரிக்காவின் நெவாடா, கிழக்குக் கலிஃபோர்னியா பகுதிகளை வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எந்த ஊர், எந்தப் பருவம்

முதல் பயணத்துக்கு நெவாடாவின் ரயோலைட்டைப் பரிந்துரைப்பேன். லாஸ் வேகஸிலிருந்து வடமேற்கே சுமார் 190 கிலோமீட்டர் தொலைவில், பீட்டி என்ற சிற்றூரை அடுத்து, சாதாரணக் காரிலேயே போய்ச் சேரக்கூடிய இடத்தில் அது இருக்கிறது. 1904இல் அந்தக் குன்றுகளில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தனர்; மூன்று மாடி வங்கியும் ரயில் நிலையமும் பள்ளிக்கூடமும் எழும்பின; 1907இன் நிதி நெருக்கடியில் தளரத் தொடங்கிய ஊருக்கு 1916இல் மின்சாரமும் நிறுத்தப்பட்டது. வங்கியின் எலும்புக்கூடு போன்ற முகப்பும், 1906இல் சுமார் 50,000 புட்டிகளைக் கொண்டு டாம் கெல்லி கட்டிய வீடும் இன்றும் நிற்கின்றன. சுற்றிலும் காட்டுக்கழுதைகள் திரிகின்றன. அன்று சுரங்கத் தொழிலாளிகளும் கனிமம் தேடி அலைந்தவர்களும் சுமை தூக்கக் கொண்டுவந்து விட்டுப்போன கழுதைகளின் வழிவந்தவை அவை. ஊரின் கதையையும் விலங்கின் கதையையும் ஒரே படத்தில் சொல்ல இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது.

கலிஃபோர்னியாவின் போடி முற்றிலும் வேறு வகை. சுமார் 2,550 மீட்டர் உயரத்தில், செடிப்புதர் மண்டிய குளிர்ந்த வறள்நிலத்தில் இருக்கும் அந்த ஊர் 1962 முதல் மாநில வரலாற்றுப் பூங்காவாக இருந்து வருகிறது. கட்டடங்களைப் புதுப்பிக்காமல், மேலும் சிதையாமல் மட்டும் பார்த்துக்கொள்வது அங்குள்ள முறை. மரவீடுகளின் சன்னல் வழியே மேசையும் நாற்காலியும் அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். வெளியே நில அணில்களும் நீலப்பறவைகளும் கண்ணில் படும். பூங்கா திறந்திருக்கும் நேரத்துக்குள் மட்டுமே உள்ளே இருக்க முடியும் என்பதால் விடியலின் முதல் ஒளி பெரும்பாலும் கிடைக்காது என்பதைத் திட்டமிடும்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவுக்குள் லெட்ஃபீல்ட், ஸ்கிடூ போன்ற சிறிய தலங்கள் உள்ளன. அவற்றுக்குச் செல்லும் மண்பாதைகள் வெள்ளத்தால் அடிக்கடி மூடப்படுவதால், பூங்காவின் அன்றைய சாலை அறிவிப்பைப் பார்க்காமல் புறப்பட வேண்டாம். ஆளில்லாத ஊர் என்று பட்டியல்களில் இடம்பெறும் கோல்ட்ஃபீல்ட் போன்ற இடங்களில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே ஒரு வீட்டின் முற்றம் எவ்வளவு பழையதாகத் தெரிந்தாலும், கேட்டுக்கொண்டுதான் கேமராவைத் தூக்க வேண்டும்.

தாழ்வான பாலைவனங்களுக்கு அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான காலம் ஏற்றது. பல்லிகளும் ஆமைகளும் வேண்டுமென்றால் மார்ச்சிலிருந்து மே தொடக்கம் வரை போகலாம். கோடையில் போவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மரணப் பள்ளத்தாக்கின் ஃபர்னஸ் கிரீக்கில் 1913இல் 56.7 டிகிரி செல்சியஸ் காற்று வெப்பமும், 1972இல் 93.9 டிகிரி தரை வெப்பமும் பதிவாகியுள்ளன. படமெடுக்கத் தரையில் படுக்க வேண்டியவருக்கு இரண்டாவது எண்தான் முக்கியம். போடிக்கு மட்டும் இது தலைகீழ். அங்கே குளிர்காலத்தில் பனி வழியை அடைத்துவிடும், கோடையும் இலையுதிர்காலமுமே பயணத்துக்கு உகந்தவை.

உயிரோடு திரும்புவதற்கான ஏற்பாடுகள்

ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. அதற்கு மேல் ஒரு நாளுக்கான தண்ணீரைக் காரில் தொடாமல் வைத்திருங்கள். கைப்பேசி அலைவரிசை பெரும்பாலான இடங்களில் கிடைக்காது என்பதால், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதோடு காகித வரைபடம் ஒன்றையும் கொண்டுபோங்கள். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முடிந்தால் அந்தச் செலவுக்குத் தயங்க வேண்டாம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள்: தேடி வருபவர்களுக்கு மேலிருந்து கார் எளிதில் தெரியும், நடந்துபோகும் மனிதர் தெரியமாட்டார்.

ஊருக்குள் நுழைந்தபின் வரும் ஆபத்துகளில் முதலாவது பழைய சுரங்கம். எந்தக் காரணத்துக்காகவும் அதற்குள் போகக் கூடாது. தாங்குமரங்கள் உளுத்திருக்கும், உள்ளே சில அடிகளிலேயே தரையில் செங்குத்தான குழி திறந்திருக்கலாம், பிராணவாயு குறைந்த காற்று தேங்கி நிற்பதைக் கண்ணாலோ மூக்காலோ அறிய முடியாது, விட்டுப்போன வெடிமருந்து காலப்போக்கில் மேலும் நிலையற்றதாக மாறியிருக்கும். அத்தகைய பெட்டியையோ குச்சிகளையோ கண்டால் தொடாமல் விலகி, உள்ளூர் ஷெரிஃப் அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். சுரங்க வாயிலிலிருந்தும் சற்றுத் தள்ளியே நிற்க வேண்டும், ஏனெனில் விளிம்பு மண் உங்கள் எடையைத் தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அடுத்தது, மூடிய அறைகளில் படிந்திருக்கும் எலிப் புழுக்கை. மான் எலி எனப்படும் சிற்றெலியின் எச்சம் கலந்த தூசியைச் சுவாசிப்பதால் பரவும் ஹாண்டா வைரஸ் நுரையீரல் நோய் 1993இல் தென்மேற்கு அமெரிக்காவில்தான் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. அது உயிரைப் பறிக்கக்கூடிய நோய். புழுக்கையும் கூளமும் குவிந்த அறைக்குள் போகாமல், வாசலிலிருந்தோ சன்னலிலிருந்தோ படமெடுங்கள். நல்ல வேளையாக, வாசல் சட்டத்துக்குள் அமைந்த படம் பெரும்பாலும் அறைக்குள் நின்று எடுத்ததைவிட அழகாகவே இருக்கும். பார்க்காத இடத்தில் கையை வைக்காதிருப்பது பாம்புக்கும் தேளுக்கும் கறுப்பு விதவைச் சிலந்திக்கும் சேர்த்துப் பொருந்தும் விதி. கிடக்கும் தகரத் தகட்டைப் புரட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்; அதன் அடியில் கிலுகிலுப்பை விரியன் நிழலுக்காகச் சுருண்டு கிடக்கலாம்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கக் கூட்டரசு நிலத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை 1979ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது. 1910இல் ஒருவர் குடித்துவிட்டு எறிந்த புட்டி இன்று அந்த வயதைக் கடந்துவிட்டது. துருப்பிடித்த ஆணியானாலும் கண்ணாடிச் சில்லானாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். படத்துக்காக அதைத் தூக்கி வேறு இடத்தில் அழகாக அடுக்குவதும் கூடாது. அந்தச் சில்லின் அடியிலும் ஏதோ ஒன்று குடியிருக்கக்கூடும். தேசியப் பூங்காக்களில் டிரோன் பறக்கவிடத் தடை உள்ளது.

எங்கே யார் இருப்பார்கள்

ஊரைச் சேர்ந்ததும் கேமராவை வெளியே எடுக்காமல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். விடிந்து சிறிது நேரத்துக்குள், ஒளி சாய்வாக விழும்போது, மணலில் பதிந்த இரவுத் தடங்கள் நிழலோடு எழுந்து நிற்கும். கங்காரு எலியின் குதிப்பும், கிட் நரியின் சிறிய பாதங்களும், சைடுவைண்டர் பாம்பு பக்கவாட்டில் நகர்ந்த ‘ஜே’ வடிவக் கோடுகளும் அடுத்தடுத்துத் தெரியும். காற்று எழுந்துவிட்டால் அந்தத் தடங்கள் எல்லாம் அழிந்துவிடும். எந்தச் சுவரின் கீழே வெள்ளை எச்சம் வடிந்திருக்கிறது, எங்கே எலும்பும் மயிரும் உருண்டையாகக் கிடக்கிறது என்று பாருங்கள். மேலே கூகையோ கொம்பன் ஆந்தையோ பகலில் உறங்குகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

கட்டடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடித்தனம் உண்டு. இறவாரத்தின் அடியில் சேஸ் ஃபீபி என்ற ஈப்பிடிப்பான் கூடு கட்டும். இடிந்த கற்சுவரின் உச்சியில் கழுத்துப்பட்டைப் பல்லி காலைவெயில் காயும். எதிரியைக் கண்டால் முன்னங்கால்களை ஊன்றி உடலை மேலும் கீழும் தூக்கித் தண்டால் எடுக்கும். சக்வாலா என்ற பருத்த பல்லி ஆபத்து வந்தால் கல்லிடுக்கில் புகுந்து, உடலைக் காற்றால் ஊதிப் பெருக்கி, எவரும் இழுத்தெடுக்க முடியாதபடி அடைத்துக்கொள்ளும். ரோட்ரன்னர் பறவையை அதிகாலையில் தேடுங்கள். குளிர்ந்த இரவுக்குப் பின் அது சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, இறகுகளை விரித்து, அடியிலுள்ள கறுந்தோலில் வெயிலை வாங்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு அது ஓடாது, உங்களுக்கும் பொறுமையாக எடுக்க முடியும்.

நீளக்காது முயலை எதிரொளியில் எடுங்கள். உடல் வெப்பத்தை வெளியேற்றுவதற்காக அதன் காதுகளில் இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. சூரியன் முயலின் பின்னால் தாழ்ந்திருக்கும்போது அந்த நரம்புப் பின்னல் முழுவதும் செந்நிறத்தில் ஒளிரும்.

சுரங்க வாயில்களைக் கம்பித் தடுப்பு போட்டு மூடியிருப்பதைப் பல இடங்களில் காண்பீர்கள். மனிதர் நுழையாமலும் வௌவால் தடையின்றிப் பறந்து போகவும் ஏற்றபடி அமைக்கப்பட்ட தடுப்புகள் அவை. டவுன்சென்ட் பெருங்காது வௌவால் போன்றவை குளிர்காலத்தில் உள்ளே நெடுந்துயில் கொள்கின்றன. இடையில் எழுப்பிவிட்டால், வசந்தம் வரை தாங்க வேண்டிய கொழுப்பை வீணாக எரித்துவிடும். எனவே விளக்கடித்துப் பார்ப்பதும் பிளாஷ் போடுவதும் வேண்டவே வேண்டாம். வெப்பமான மாதங்களில், அந்தி கவிந்ததும் சற்றுத் தொலைவில் அமைதியாக அமர்ந்திருந்தால், மீதமுள்ள வானொளியின் பின்னணியில் அவை வெளியேறும் நிழலுருவங்களை எடுக்கலாம்.

ஒளியும் கேமராவும்

ஒரே லென்ஸ்தான் கொண்டுபோக முடியும் என்றால் 100–400 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸைத் தேர்ந்தெடுப்பேன். 600 மில்லிமீட்டர் லென்ஸ் விலங்கை நெருக்கமாகக் காட்டும். ஆனால் பின்னால் இருப்பது வங்கியா மலையா என்று தெரியாமல் கரைந்துவிடும். 150 முதல் 250 மில்லிமீட்டருக்குள், லென்ஸின் ஒளித்துவாரத்தை எஃப்/8 அளவில் வைத்து, சட்டகத்தில் கழுதை கூர்மையாகவும் அதன் பின்னால் மூன்று மாடி முகப்பு சற்று மங்கலாகவும், ஆனால் அடையாளம் காணும்படியும் அமையும் படத்தையே நான் தேடுவேன். அதற்குப் பின்னணியை முதலில் தேர்ந்தெடுத்து, சட்டகத்தை அமைத்துவிட்டு, விலங்கு அதற்குள் வரும்வரை காத்திருக்க வேண்டும். விலங்கைத் துரத்திக்கொண்டு போகிறவருக்கு அதன் பின்புறம்தான் கிடைக்கும்.

நண்பகலில் எடுத்த டெலிபோட்டோ படங்கள் கூர்மையின்றி இருந்தால் லென்ஸைக் குறைசொல்லிப் பயனில்லை. சூடான தரையின் மேல் வெவ்வேறு அடர்த்தியுள்ள காற்றடுக்குகள் ஒளியை வளைத்துக் கலைக்கின்றன. எந்த மென்பொருளும் அதைச் சரிசெய்யாது. சூரியன் எழுந்து ஒன்றரை மணிநேரத்துக்குள் தொலைதூரப் படங்களை முடித்துவிட்டு, பிறகு அருகிலுள்ள பல்லிகளுக்கும் நிழலான உட்புறங்களுக்கும் திரும்புங்கள். காருக்குள்ளிருந்து எடுப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு: உள்ளே ஏசியின் குளிர்காற்றும் வெளியே வெப்பமும் இருந்தால், சன்னலைத் திறந்தவுடன் இரண்டும் கலந்து லென்ஸின் முன்னாலேயே அலையடிக்கும். நிறுத்துவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். எஞ்சினையும் அணைத்து, கதவின் மேல் தானிய மணிகள் நிறைத்த பையை வைத்து லென்ஸைத் தாங்கினால், காரைவிடச் சிறந்த மறைவிடம் வேறு தேவைப்படாது. பல விலங்குகள் நடந்து வரும் மனிதரைக் கண்டு ஓடும். நிற்கும் காரைப் பொருட்படுத்தாது.

வெளிறிய மணலும் வெயிலில் காய்ந்த மரமும் கேமராவின் ஒளிமானியை ஏமாற்றி, படத்தை இருட்டாக்கிவிடும். வெளிப்பாட்டை மூன்றில் இரண்டு ஸ்டாப் கூட்டி, படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது விளிம்பை முட்டவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இருண்ட அறையும் வெயில் பாயும் சன்னலும் ஒரே சட்டகத்தில் வந்தால், டிரைபாடில் வைத்து மூன்று வெவ்வேறு வெளிப்பாடுகளில் எடுத்துப் பின்னர் இணைக்கலாம். தண்டால் எடுக்கும் பல்லிக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கும், ஓடும் ரோட்ரன்னருக்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்கும் ஷட்டர் வேகமாக இருக்கட்டும். அதற்காக ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்திறன் அளவு உயர்ந்தாலும் கவலைப்பட வேண்டாம். காற்று வீசும்போது லென்ஸை மாற்றாதீர்கள். சென்சாரில் படிந்த நுண்மணலைத் துணியால் தேய்க்காமல் ஊதுகுழலால் ஊதி அகற்றுங்கள்.

பல்லியையோ முயலையோ எடுக்கும்போது அதன் கண்மட்டத்துக்குத் தாழுங்கள். படுக்குமுன் தரையில் கள்ளிமுள்ளும் எறும்புப் புற்றும் இல்லையென்று பார்த்து, தடித்த விரிப்பொன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பாதையை விட்டு விலகி எங்கும் படுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சில இடங்களில் கருமையாக, சொரசொரப்பாகத் தெரியும் மேல்மண் உண்மையில் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த உயிருள்ள அடுக்கு; ஒரு காலடியில் நொறுங்கினால் அது மீளப் பல பத்தாண்டுகள் ஆகும்.

எவ்வளவு நெருங்கலாம்

தேசியப் பூங்காக்கள் பொதுவாக விலங்குகளிடமிருந்து 25 கஜம், அதாவது சுமார் 23 மீட்டர் தொலைவையும், கரடி, ஓநாய் போன்ற வேட்டை விலங்குகளிடமிருந்து 100 கஜத்தையும் குறிப்பிடுகின்றன. என் பார்வையில் அளவுநாடாவைவிட விலங்கின் நடத்தையே நல்ல அளவுகோல். மேய்வதை நிறுத்திக் கழுதை தலைதூக்கினால், நீங்கள் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். காதுகளைப் பின்னுக்கு மடித்தால் தாண்டிவிட்டீர்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள். காட்டுக்கழுதையைத் துன்புறுத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும். கூட்டிலிருக்கும் பறவை உங்களால் பறந்துவிட்டால் அந்தப் படத்தைக் கைவிட்டு உடனே விலகுங்கள். நிழலின்றி விடப்பட்ட முட்டை அந்த வெயிலில் தாங்காது.

பாலை ஆமையிடம் தனிக் கவனம் வேண்டும். மோஹாவி பாலைவனத்தில் 1990 முதல் அழிவை எதிர்நோக்கும் இனமாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் இந்த ஆமை, மழையில் குடித்த நீரைச் சிறுநீர்ப்பையில் மாதக்கணக்கில் சேமித்து வாழ்கிறது. தூக்கினால் பயந்து அந்த நீரையெல்லாம் வெளியேற்றிவிடும். அடுத்த மழை வரும்வரை அதற்கு ஈடில்லை. எனவே தொடாமல், அதன் வழியை மறிக்காமல், தொலைவிலிருந்து எடுங்கள். காரின் நிழலில் ஆமை வந்து படுத்திருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறை வண்டியை எடுக்குமுன்னும் குனிந்து சக்கரங்களுக்கு இடையில் பாருங்கள்.

சாலையோரத்தில் கெஞ்சுவதுபோல் வந்து நிற்கும் கயோட்டி என்ற காட்டு நாய்க்கு உணவு போடாதீர்கள். வண்டிகளை நாடப் பழகிய கயோட்டி வண்டியில் அடிபட்டே சாகிறது. சிந்திய ரொட்டித் துண்டுக்கும் பழத்தோலுக்கும் அண்டங்காக்கைகள் கூடும். அவை பெருகினால், ஓடு இன்னும் இறுகாத ஆமைக்குஞ்சுகளைக் கொத்தித் தின்னும். அதனால் குப்பை எதுவாயினும் உங்களோடு திரும்பட்டும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு ஆந்தையை வரவழைப்பதையும், இரவில் விலங்கின் கண்ணில் விளக்கடிப்பதையும் தவிருங்கள். நடமாடுவதற்கு மங்கிய சிவப்பு விளக்கு போதும். தானியங்கிக் கேமராவை வைக்க விரும்பினால், நிலத்தை நிர்வகிக்கும் அலுவலகத்திடம் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வீடு திரும்பிப் படங்களைப் பகிருமுன், ஆந்தைக் கூடு, நரி வளை, ஆமை ஆகியவற்றின் படங்களிலிருந்து இருப்பிடத் தரவை நீக்கிவிடுங்கள். ஊரின் பெயரைச் சொல்லலாம். எந்தச் சுவர், எந்தச் சன்னல் என்று சொல்ல வேண்டியதில்லை. உயிரினங்களைக் கண்ட பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவேற்றினால், அழியும் நிலையிலுள்ள இனங்களின் துல்லியமான இடத்தை அது தானாகவே மறைத்துவிடும். மற்றவற்றுக்கு நீங்களே அந்த அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். இனத்தின் பெயர், தேதி, நேரம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்ற குறிப்புகளை அன்றைக்கே எழுதிச் சேர்த்தால், உங்கள் படம் ஆய்வாளர்களுக்கும் பயன்படும் பதிவாகும்.